வீட்டுக்குள் மூன்று கஞ்சாச் செடிகள்: ஜெர்மன் சட்டம் எங்கே அனுமதிக்கிறது, எங்கே நிறுத்துகிறது?

வால்டோர்ஃப் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது எஸ்ஏபி தலைமையகம். ஆனால் புகைக்கும் இந்த ஊரின் பெயருக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1763இல் இங்கே பிறந்து அமெரிக்காவுக்குப் போய்ப் பெரும் செல்வந்தரான யோஹான் யாகோப் ஆஸ்டரின் நினைவாகத்தான் ஷ்டுட்கார்ட்டில் ஒரு சிகரெட் ஆலைக்கு 'வால்டோர்ஃப் அஸ்டோரியா' என்று பெயர் வைத்தார்கள். அந்த ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக 1919இல் தொடங்கிய பள்ளிதான் முதல் வால்டோர்ஃப் பள்ளி. ரைன் சமவெளியின் இந்தப் பகுதியில் ஒரு காலத்தில் புகையிலை முக்கியப் பயிராகவும் இருந்தது.

இன்று இதே ஊரின் அடுக்குமாடி வீடுகளில், ஓர் அறையின் மூலையில் கறுப்புத் துணிக் கூடாரத்துக்குள் வேறொரு செடி சட்டப்படி வளரலாம். 'கஞ்சா' என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் போலீஸ், சிறை, குடும்ப மானம் என்றுதான் பொருள். அதனால் சட்டம் மாறிய பிறகு நம்மிடையே இரண்டு தவறான எண்ணங்கள் பரவிவிட்டன. "எல்லாம் சட்டபூர்வமாகிவிட்டது, இனி யாரும் கேட்க முடியாது" என்பது இளையவர்களின் எண்ணம். "அதெல்லாம் பொய், பிடித்தால் உள்ளே போட்டுவிடுவார்கள்" என்பது பெற்றோரின் எண்ணம். இரண்டுமே சரியில்லை. யாரையும் வளர்க்கச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல. விசாவிலும் வாடகை வீட்டிலும் பிள்ளைகளோடும் வாழும் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லைகளை ஓரிடத்தில் தொகுத்துத் தருவதே நோக்கம்.

சட்டம் வந்த வழி

ஜெர்மனியில் கஞ்சா 1929ஆம் ஆண்டின் அபினிச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 1971இல் அதன் இடத்தில் போதைப்பொருள் சட்டம் வந்தது. 2017 மார்ச்சில் மருத்துவர் சீட்டு எழுதினால் மருந்துக்கடையில் வாங்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. பின்னர் 'கொன்சூம்கன்னாபிஸ்கெசெட்ஸ்', அதாவது நுகர்வுக் கஞ்சாச் சட்டம், 2024 பிப்ரவரி 23 அன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மார்ச் 22 அன்று மாநிலங்கள் அவையைத் தாண்டி, ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஆம்ஸ்டர்டாமில் பார்ப்பது போன்ற விற்பனைக் கடைகள் இங்கே கிடையாது. சட்டம் திறந்துவிட்ட வழிகள் இரண்டுதான். ஒன்று வீட்டில் வளர்ப்பது. மற்றொன்று, 2024 ஜூலை 1 முதல் அனுமதி பெறக்கூடிய வளர்ப்புச் சங்கங்களில் உறுப்பினராவது. நம் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் இந்தச் சங்கங்களுக்கு அனுமதி தரும் அலுவலகம் ஃப்ரைபுர்க்கில் இருக்கிறது. தெருவில் விற்பதும், தெரிந்தவரிடம் காசு கொடுத்து வாங்குவதும் இன்றும் சட்டவிரோதம்தான்.

நினைவில் வைக்க வேண்டிய எண்கள்

- வயது 18 நிறைந்திருக்க வேண்டும்.
- ஒருவருக்கு ஒரே நேரத்தில் 3 உயிர்ச்செடிகள்.
- வீட்டில் உலர்ந்த நிலையில் 50 கிராம் வரை. வெளியே கையில் 25 கிராம் வரை.
- வெளியே 25 முதல் 30 கிராம் வரையும், வீட்டில் 50 முதல் 60 கிராம் வரையும் இருந்தால் ஒழுங்கு மீறல். அபராதம் உண்டு. சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு 30,000 யூரோ.
- 30 கிராமையோ 60 கிராமையோ தாண்டினால், அல்லது நான்காவது செடி இருந்தால், அது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை அல்லது அபராதம்.
- சங்கத்தில் மாதம் 50 கிராம் வரை பெறலாம். 18 முதல் 20 வயது வரை உள்ளவர்களுக்கு மாதம் 30 கிராம்தான், அதிலும் டிஎச்சி அளவு 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது.

கணவன், மனைவி இருவரும் வளர்த்தால் ஆளுக்கு மூன்று என ஆறு செடிகள் இருக்கலாம். ஆனால் எது யாருடையது என்று காட்ட முடிய வேண்டும். ஒருவர் மட்டும் வளர்த்துக்கொண்டு, "மீதி மூன்றும் என் நண்பருடையவை" என்று சொல்வது செல்லாது.

யாருக்கு உரிமை இல்லை

குறைந்தது ஆறு மாதமாக ஜெர்மனியில் வசிப்பவருக்குத்தான் வீட்டில் வளர்க்கும் உரிமை. ப்ளூ கார்டில் போன மாதம் வந்திறங்கியவருக்கும், ஊரிலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருக்கும் தம்பிக்கும் அது கிடையாது. குடியுரிமை எது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை, வசிப்பிடத்தைத்தான் பார்க்கிறது. செடி இருக்க வேண்டிய இடமும் அந்த வசிப்பிடமே. ஊருக்கு வெளியே நம்மவர்கள் பலர் வெண்டையும் கீரையும் போடும் ஷ்ரேபர்கார்ட்டன் எனப்படும் சிறுதோட்டங்கள் வசிப்பிடம் ஆகாது, அதனால் அங்கே வளர்க்கக்கூடாது.

விதையை ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து அஞ்சலில் வரவழைக்கலாம். சங்கங்களும் விதையும் துண்டும் தரலாம். ஆனால் ஊரிலிருந்து பெட்டியில் விதை கொண்டுவரும் எண்ணமே வேண்டாம்.

வீட்டில் விளைந்ததை யாருக்கும் தரக்கூடாது என்ற விதியைத்தான் பலர் அறியாமல் மீறுகிறார்கள். விற்பது மட்டுமல்ல, இலவசமாகக் கொடுப்பதும் குற்றம். தோட்டத்துத் தக்காளியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதுபோல இதைக் கொடுக்க முடியாது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்குக் கொடுத்தால் தண்டனை மிகக் கடுமை.

கூடாரத்துக்குள் நடப்பது என்ன?

கஞ்சா ஓராண்டுச் செடி. ஆண் செடி, பெண் செடி என்று தனித்தனியாக இருக்கும். போதை தரும் டிஎச்சி பெரும்பாலும் பெண் செடியின் பூக்களில் உள்ள பிசின் முடிகளில் சேர்கிறது. இரவு நீளும்போதுதான் இது பூக்கும். நம் ஊர்ச் சாமந்தியும் அப்படித்தான். இரவில் மின்விளக்கு எரியவிட்டுச் சாமந்தி பூப்பதைத் தள்ளிப்போடுவது தோட்டக்கலையில் பழைய முறை. வீட்டுக்குள் வளர்ப்பவர்கள் செய்வதும் அதே வேலை. செடி வளரும் நாட்களில் விளக்கு நீண்ட நேரம் எரியும். பூக்க வேண்டிய நாட்களில் பன்னிரண்டு மணி நேரம் முழு இருட்டு. வெளிச்சம் கசியக்கூடாது என்பதற்குத்தான் கூடாரம். இரவு நீளத்தைப் பொருட்படுத்தாமல் தானே பூக்கும் வகைகளும் உண்டு. விதையிலிருந்து அறுவடை வரை பொதுவாக மூன்று நான்கு மாதம்.

மின்கட்டணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 100 வாட் எல்இடி விளக்கு ஒன்று 30 நாள், தினம் 18 மணி நேரம் எரிந்தால் 54 யூனிட். அடுத்த 60 நாள், தினம் 12 மணி நேரம் என்றால் 72 யூனிட். மொத்தம் 126 யூனிட். யூனிட்டுக்கு 35 சென்ட் என்று வைத்தால் சுமார் 44 யூரோ. இரவும் பகலும் ஓடும் காற்றாடிக்குத் தனிக்கணக்கு. செலவு பெரிதல்ல. ஆனால் ஆளில்லாத வீட்டில் மாதக்கணக்கில் ஓடும் மின்கருவிகள் இவை. ஒரு நீட்டிப்புக் கம்பியில் இன்னொன்றைச் செருகி, பக்கத்திலேயே தண்ணீர்க் குடத்தையும் வைப்பது தீ விபத்தை அழைப்பதாகும்.

பணத்தைவிடப் பெரிய தொல்லைகள் இரண்டு. முதலாவது வாசனை. பூக்கும் வாரங்களில் அது கதவிடுக்கு வழியே படிக்கட்டு முழுவதும் இறங்கும். வெளியேறும் காற்றைக் கரி வடிகட்டி வழியே விடாவிட்டால் ஒளிக்க முடியாது. இரண்டாவது ஈரம். மூன்று செடிகள் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி அறைக் காற்றில்தான் கலக்கிறது. சன்னல் திறக்காத ஜெர்மன் குளிர்காலத்தில் அது சுவரில் பூஞ்சையாகப் படியும். பூக்களுக்குள்ளும் பூஞ்சை பிடிக்கும், அதைப் புகைப்பது நுரையீரலுக்குக் கேடு.

அறுவடையில் ஒளிந்திருக்கும் பொறி

மூன்று செடி அனுமதி, 50 கிராம் அனுமதி என்ற இரண்டு எண்களும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. நன்றாக வளர்ந்த ஒரே செடி காய்ந்த பிறகு 50 கிராமைத் தாண்டக்கூடும். மூன்றும் ஒன்றாக அறுவடைக்கு வந்தால், எந்தத் தவறும் செய்ய நினைக்காத ஒருவர் 60 கிராம் கோட்டைத் தாண்டிக் குற்றவாளி ஆகலாம். சட்டத்தின் எதிர்பார்ப்பு, மிகுதியை அழித்துவிட வேண்டும் என்பது. நண்பருக்குக் கொடுத்துக் கணக்கைச் சரிசெய்ய வழியில்லை. ஒரே செடியோடு நிறுத்துவது அல்லது வெவ்வேறு மாதங்களில் விதைப்பதுதான் பாதுகாப்பு.

இன்னோர் எண்ணும் உண்டு. 2024 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், 7.5 கிராம் தூய டிஎச்சி இருந்தாலே அது 'சிறிதல்லாத அளவு' என்று தீர்ப்பளித்தது. 15 விழுக்காடு வீரியமுள்ள பூ 50 கிராமில் இந்த அளவு வந்துவிடும். அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் நிற்பவருக்கு இதனால் பாதிப்பில்லை. எல்லையைத் தாண்டியவருக்கு வழக்கின் கனம் கூடும்.

வாடகை வீடும் அண்டை வீடும்

அண்டை வீட்டாருக்குத் தாங்க முடியாத தொல்லை தரக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. செடி சட்டபூர்வமானது என்பதால் வாசனை பற்றிய புகார் செல்லாமல் போய்விடாது. பூஞ்சை பிடித்த சுவருக்கும், துளையிட்ட சன்னலுக்கும், தண்ணீர் இறங்கிய கீழ்வீட்டுக் கூரைக்கும் பொறுப்பு வாடகைக்காரருடையதே. முன்கூட்டியே வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம், காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு கேள்வி, இரண்டையும் எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. விடுதி அறையிலும் பகிர்ந்து வாழும் வீட்டிலும் இருக்கும் மாணவர்கள் உள்விதிகளையும் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் உள்ள வீடு

செடியும் விளைச்சலும் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் எட்டாமல் பாதுகாக்கப்பட வேண்டும் என்பது சட்டக் கடமை. பூட்டிய அறை, பூட்டிய அலமாரி என்று பொருள் கொள்ளலாம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் அருகில் இருக்கும்போது புகைப்பதும் தடை. அது சொந்த வீட்டு வரவேற்பறைக்கும் பொருந்தும். வெளியே என்றால் பள்ளி, விளையாட்டுத் திடல், சிறுவர் பூங்கா ஆகியவற்றின் பார்வைக்குள் புகைக்கக்கூடாது. பாதசாரி வீதிகளில் காலை 7 முதல் இரவு 8 வரை தடை.

சிறு குழந்தைக்குப் பெரிய ஆபத்து புகையைவிட, வெண்ணெயிலோ பிஸ்கட்டிலோ கலந்து வைத்த கஞ்சாதான். அது குழந்தைக்கு வெறும் தின்பண்டமாகத்தான் தெரியும். உண்டபின் விளைவு தெரிய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். எழுப்ப முடியாத தூக்கம், தள்ளாட்டம், வாந்தி, மூச்சு மந்தம் கண்டால் உடனே 112ஐ அழையுங்கள். சந்தேகம் மட்டும் என்றால் ஃப்ரைபுர்க் நச்சுத் தகவல் மையம் 0761 19240 என்ற எண்ணில் எந்நேரமும் பதில் சொல்கிறது. மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மறைத்தால் காரணம் தேடியே நேரம் போய்விடும். ஜெர்மனியில் மருத்துவருக்கு இரகசியம் காக்கும் கடமை உண்டு. மானத்துக்குப் பயந்து அரை மணி நேரம் தாமதிப்பதைவிட அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடுவது மேல்.

பதின்வயதுப் பிள்ளையிடம் கஞ்சா இருப்பதைக் காவலர் கண்டால், பெற்றோருக்குத் தகவல் வரும். கவலைக்குரிய நிலை என்று தோன்றினால் இளைஞர் நலத்துறையான யூகென்ட்ஆம்ட்டுக்கும் போகும். அது தண்டிக்க அல்ல, ஆலோசனை தர. பயந்து ஒதுங்காமல் ஒத்துழைப்பதே பிள்ளைக்கு நல்லது. மூளை இருபத்தைந்து வயதுவரை முதிர்ந்துகொண்டிருப்பதால், இளவயதில் அடிக்கடி புகைப்பவர்களுக்கு நினைவாற்றல் குறைவும் மனச்சிதைவு அபாயமும் கூடுதல். குடும்பத்தில் யாருக்கேனும் அந்நோய் இருந்தால் இன்னும் கவனம் தேவை. வால்டோர்ஃபுக்குப் பக்கத்திலேயே வீஸ்லோக்கில் உள்ள வடபாடன் மனநல மையத்தில் போதைப் பழக்கத்துக்கான சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

கார் சாவியும் வேலையும்

2024 ஆகஸ்ட் 22 முதல் ஓட்டுநர் இரத்தத்தில் டிஎச்சி எல்லை ஒரு மில்லிலிட்டருக்கு 3.5 நானோகிராம். தாண்டினால் முதல் முறையே 500 யூரோ, ஒரு மாத ஓட்டுநர் தடை, ஃப்ளென்ஸ்புர்க்கில் புள்ளிகள். மதுவும் சேர்ந்தால் 1000 யூரோ. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் உரிமம் பெற்று முதல் இரண்டு ஆண்டு சோதனைக் காலத்தில் இருப்பவர்களுக்கும் இந்தச் சலுகை கிடையாது. தினமும் பயன்படுத்துபவரின் இரத்தத்தில் மயக்கம் தெளிந்த மறுநாளும் டிஎச்சி எல்லைக்கு மேல் நிற்கக்கூடும். இரவு புகைத்துவிட்டுக் காலையில் ஏ5 நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகிறவருக்கு "நேற்றுத்தானே" என்ற சமாதானம் உதவாது. வேலையிடத்தில் தனக்கோ பிறருக்கோ ஆபத்து நேரும் மயக்க நிலையில் இருக்கக்கூடாது என்ற விபத்துத் தடுப்பு விதியும் முன்போலவே நிற்கிறது.

விசா, குடியுரிமை

எல்லைக்குள் வளர்ப்பதோ வைத்திருப்பதோ குற்றமல்ல. எல்லை தாண்டிக் குற்றத் தீர்ப்பு வந்தால்தான் நம் நிலை ஜெர்மானியரின் நிலையிலிருந்து வேறுபடுகிறது. அவருக்கு அபராதத்தோடு முடியும். நமக்கு அது வசிப்பு அனுமதிப் புதுப்பிப்பிலும் குடியுரிமை விண்ணப்பத்திலும் கேள்வியாக வரும். பொதுவாக 90 நாள்-வீதம் வரையிலான அபராதத் தண்டனை குடியுரிமைக்குத் தடையாகக் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. அதற்கு மேல் போனால் சிக்கல். போலீஸ் கடிதம் வந்தால் தெரிந்தவரிடம் கேட்டுப் பதில் எழுதாமல் முதலில் வழக்கறிஞரிடம் போங்கள்.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. இன்று குற்றமாகக் கருதப்படாத பழைய கஞ்சாத் தீர்ப்புகளை மத்தியப் பதிவேட்டிலிருந்து நீக்க 2025 ஜனவரி 1 முதல் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். இளவயதில் சிறு அளவோடு பிடிபட்டு இன்றுவரை அந்தக் கறையைச் சுமப்பவர்கள் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஊருக்குப் போகும்போது

ஜெர்மன் அனுமதி ஜெர்மன் எல்லையோடு முடிகிறது. ஃபிராங்ஃபுர்ட்டிலிருந்து சென்னைக்கும் கொழும்புக்கும் போகும் நம் வழிகள் பெரும்பாலும் துபாய், தோகா வழியே. அங்கே பையின் மூலையில் கிடக்கும் துகளும் சிறைக்கு வழி. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சாச் செடி வளர்த்தால் பத்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அச்சட்டம் வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களுக்கும் பொருந்தும் என்று அதன் முதல் பிரிவே சொல்கிறது. இங்கே வளர்க்கும் செடியின் படத்தை ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் போடும் முன் இந்திய பாஸ்போர்ட்காரர்கள் இதை நினைக்க வேண்டும். இலங்கையில் 1929ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி வளர்ப்பதும் வைத்திருப்பதும் குற்றம். சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை. அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் பயன்படுத்தினாலும் குற்றம்.

நமக்குப் புதிய செடி அல்ல

சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் கஞ்சாவுக்கு இடம் உண்டு. 1893-94இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த இந்திய சணல் போதைப்பொருள் ஆணையம் நாடு முழுதும் விசாரித்து, மிதமான பயன்பாட்டால் பெருங்கேடு இல்லை, முழுத் தடை தேவையில்லை என்றே முடிவுசெய்தது. சுதந்திரத்துக்குப் பின் 1961ஆம் ஆண்டின் ஐநா உடன்படிக்கையும், அதைத் தொடர்ந்து 1985 சட்டமும் நிலையை மாற்றின. 2020 டிசம்பரில் ஐநா ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து 27க்கு 25 வாக்குகளில் நீக்கியபோது, இந்தியா நீக்கத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. ஆனாலும் நாட்டுக்குள் சட்டம் அப்படியேதான் இருக்கிறது.

ஜெர்மனியிலும் இது முடிந்த கதை அல்ல. 2025இல் வந்த கூட்டணி அரசு சட்டத்தை மறுபடி ஆராயப்போவதாக ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. எண்கள் மாறலாம். எதைச் செய்யும் முன்பும் அன்றைய சட்டத்தை ஒருமுறை சரிபாருங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் அறையில் அந்தக் கறுப்புக் கூடாரத்தைக் கண்டால் முதல் சொல் "போலீஸ்" என்பதாக இருக்க வேண்டாம். வயது என்ன, எத்தனை செடி, வீட்டுக்காரருக்குத் தெரியுமா, தங்கைக்கு எட்டாமல் பூட்டியிருக்கிறதா, நாளைக் காலை கார் ஓட்டப் போகிறாயா என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளையோடு மீதியையும் பேசலாம். பதில் தெரியாத பிள்ளையிடம் இக்கட்டுரையைக் கொடுக்கலாம்.